வெறும் 'போறேன்'

தொலைக்காட்சிக்கென எடுத்த காதல் நகைச்சுவைப் படம் அது. எதிர்காலத்திலிருந்து வந்த நாயகி, காதலனை விட்டுத் தன் காலத்துக்கே ஒரேயடியாகத் திரும்புகிறாள். அவளுக்குக் குரல் கொடுப்பவள் வாய் தவறி மறுபடியும் "போயிட்டு வரேன்" என்றாள்.

"அக்கா, வெறும் 'போறேன்'தான். உதடு அவ்வளவுதான் அசையுது," என்றான் ஒலிப்பதிவாளன். "இன்னொரு தடவை சொன்னீங்கன்னா அந்தப் பொண்ணு நிஜமாவே திரும்பி வந்துடுவா."

அவளும் சிரித்தாள். கணவன் அவளை விட்டுப் போன காலையில் வெறும் "போறேன்" என்றுதான் சொன்னான். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்தே திருத்தினாள். அவன் திருத்திச் சொல்லவில்லை. அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

இம்முறை சரியாகச் சொன்னாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் தம்பி" என்றாள். காலையில் வீட்டைப் பூட்டும்போது அதைச் சொல்ல ஆளில்லை.