செருப்பில்லாமல் போன குகை

பத்துமலைக் கோயிலுக்குப் போனால் படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அன்று நான் போனது சாமி கும்பிட அல்ல. பாதிப் படியில் பிரியும் இருட்டுக் குகையைச் சுற்றிப் பார்க்க. ஆனாலும் கழற்றிவிட்டேன்.

குகைக்குள் வெகுதூரம் போன பிறகுதான் வழிகாட்டிப் பெண் டார்ச் வெளிச்சத்தில் என் வெறுங்காலைப் பார்த்தாள். "என்னக்கா, செருப்பு எங்க? இது கோயில் இல்ல லா!"

பதில் சொல்வதற்குள் வௌவால் எச்சத்தில் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்தேன். விரலில் ஏதோ நூல் பட்டது. பக்கத்திலேயே, மண்ணோடு மண்ணாக இருந்த ஒரு சின்ன மூடி திறந்தது. உள்ளேயிருந்து இரண்டு கால்கள் நீண்டன.

"கைய ஆட்டாதீங்க. மூடி போட்ட வளைக்குள்ள சிலந்தி. நூல் ஆடினா, இரை வந்துருச்சுன்னு பாயும்." அதே மூச்சில் பெருமையாகச் சொன்னாள்: "டைனோசர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதோட வம்சம் இருக்குக்கா."

பெருமைப்படுகிற நேரமா அது? கையை ஆட்டாமல் நின்றேன். அவ்வளவு பழைய ஒன்றின் வாசலில் என் விரல் இருந்தது.

மூடி மெதுவாகச் சாத்திக்கொண்டது. கோயில் இல்லையாம். எந்தச் சாமி முன்னாலும் நான் அப்படி அசையாமல் நின்றதில்லை.