பதினான்காம் இலக்க வீட்டுப் பங்குகள்

என் தங்கை அம்மாக்கண்ணு கொட்டகலைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தாள். நானும் அதே ஐந்துதான். ஆனால் எனக்கு ஐந்தாம் வகுப்போடு கேள்விகள் தீர்ந்துவிட்டன. அவளுக்குத் தீரவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் அப்பாவின் ஜவுளிக் கடைக்குக் கோட்டுத் துணி வாங்க ஒரு கண்டாக்கு ஐயா வந்திருந்தார். தோட்டத்தில் வேலை வாங்கும் உத்தியோகம். அவரிடம் இவள் கேட்டாள்:

“இந்தத் தோட்டம் யாரோடதுங்க?”

“துரையோடது.”

“துரைக்குச் சம்பளம் யாரு குடுக்குறாங்க?”

“கம்பெனி.”

“கம்பெனிக்காரரு எங்க இருக்காரு?”

“அது ஒரு ஆள் இல்ல பாப்பா. சீமையில நூறு பேரு, இருநூறு பேரு.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

அவர் துணியை அப்படியே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, “ஒங்க மகளை நம்ம தோட்டத்துப் பக்கம் அனுப்பிறாதீங்க” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கோட்டுத் துணிக்கு அன்று தள்ளுபடி கொடுக்க வேண்டியதாயிற்று.

அவளை ஆண்டியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தோம். மூட்டை கட்டிக்கொண்டு கேகாலைப் பக்கம் ஊர் ஊராகச் சேலை விற்பவர். நல்ல மனிதர். 1935 தை மாதம் அந்தப் பகுதியையே வாரிக்கொண்டுபோன மலேரியாக் காய்ச்சலில் அவரும் போய்விட்டார். அம்மாக்கண்ணு மகள் வீரம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் இருந்த சொத்து சேதுக்கரை வங்கியின் அறுபது பங்குகள். நீல நிறப் பத்திரம், நாலாக மடித்தது.

சேதுக்கரை வங்கி அப்போது பெரிய வங்கி. தலைமைக் கந்தோர் என்னும் ஆபீஸ் கொழும்புக் கோட்டைப் பகுதியில். அட்டனிலும் ஒரு கிளை இருந்தது. பங்கு விலையைப் பத்திரிகையில் போடுவார்கள். எங்கள் கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் அதன் பங்குகள் இருந்தன. என்னிடமும் நாற்பது. வங்கியின் தலைவரைச் சேர்மன் என்போம். அவருடைய படம் போட்ட காலண்டர் எங்கள் எல்லார் கடையிலும் தொங்கியது. வங்கி அவருடையது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பத்து ரூபாய் போட்டவனுக்கு அவர் மனமுவந்து வருஷாவருஷம் ஏதோ கொடுக்கிறார் என்பது எங்கள் எண்ணம்.

அம்மாக்கண்ணுவுக்கு என் வீட்டில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அவள் தனியாக இருக்க விரும்பினாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் அறை காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து, ஒரு தையல் மெஷின் போட வேண்டும் என்பது அவள் கணக்கு. அறைக்கு முன்பணமும் மெஷினும் சேர்த்து முந்நூற்று எண்பது ரூபாய் ஆகும். அதற்கு அந்த அறுபது பங்குகளை விட்டால் வேறு வழி கிடையாது. விற்றுச் சாப்பிட்டுவிட்டால் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

1936 தை பிறந்ததும் தரகர் பொன்னையா கடைக்கு வந்தார்.

“சோமசுந்தரம், பேங்கு சரியில்லப்பா. தேயிலை வெலை விழுந்துச்சுல்ல, தோட்டங்களுக்குக் குடுத்ததெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. பத்து ரூபாப் பங்கு இப்ப ஏழு. அடுத்த மாசம் நாலுக்குக்கூட எவனும் கேக்க மாட்டான். ஏழுக்கு நான் எடுத்துக்கிறேன்.”

நான் அன்று மாலையே என் நாற்பதையும் கொடுத்துவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

“தங்கச்சி, நீயும் குடுத்துரு. நானூத்தி இருபது ரூவா வரும். அறையும் மெஷினும் முடிஞ்சிரும்” என்றேன், அங்கே நின்ற அம்மாக்கண்ணுவிடம்.

அவள் பொன்னையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, சரியில்லாத பேங்க நீங்க எதுக்கு வாங்குறீங்க?”

“நான் எங்கம்மா வாங்குறேன்? கொழும்புல கேக்குறாங்க, வாங்கிக் குடுக்கிறேன். எனக்குப் பங்குக்குப் பத்துச் சதம் தரகு.”

“கேக்குறது யாரு?”

“பெரிய மனுசங்க.”

“பெரிய மனுசங்களுக்கு நாலுக்குப் போறது தெரியாதா?”

பொன்னையா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, “ஒனக்குப் பதினஞ்சு நாள் தர்றேன். அதுக்கப்புறம் நீயே வந்து என் வாசல்ல நிப்ப” என்றார்.

வங்கியின் விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று பத்திரத்தோடு இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் நாகரத்தினத்திடம் போனாள். மூன்று மாலை அவர் படித்துச் சொல்ல, இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, “அண்ணே, பங்கு வச்சிருக்கிறவங்க யாரு வேணும்னாலும் போயி, மத்த பங்கெல்லாம் யாருகிட்ட இருக்குன்னு ரெஜிஸ்தர்ல பாக்கலாமாம். காசு குடுக்க வேண்டியதில்லையாம். கொழும்புக்குப் போவோம்” என்றாள்.

“பாத்து என்ன செய்யப் போற?”

“பாத்தாத்தானே தெரியும்?”

காலை ரயிலில் புறப்பட்டோம். செட்டியார் தெருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் பத்து மணிக்குக் கோட்டைக்குப் போனோம். வங்கியின் பங்குக் கந்தோர் இரண்டாம் மாடியில். அங்கே இருந்த கிளாக்கர் கனகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“என்ன பாக்க வேணும் எண்டு சொன்னனியள்?”

“ரெஜிஸ்தருங்க.”

“ஆருக்கு?”

“எனக்குத்தாங்க. என்கிட்ட அறுபது இருக்கு.” பத்திரத்தை விரித்து வைத்தாள்.

“நான் இஞ்ச பதினொரு வருசம். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய், ஒரு குழந்தையின் எடை இருக்கும் புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து மேசையில் போட்டார். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பெயர்களை வாசித்துச் சொன்னார்.

மொத்தம் மூன்று இலட்சம் பங்குகள். பம்பாயிலுள்ள ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் சங்கத்திடம் மட்டும் நாற்பத்திரண்டாயிரம். தோட்டத் துரைமாரின் ஓய்வுநிதி ஒன்றிடம் பதினெட்டாயிரம். ஒரு கிறிஸ்தவ மிஷனிடம் ஆறாயிரம். பிறகு காலியிலிருந்து தூத்துக்குடி வரையில் பெயர் தெரியாத ஆட்கள், ஐந்தும் பத்தும் ஐம்பதுமாக. நாவலப்பிட்டியில் ஒரு கோயில் தேர்நிதியின் பெயரிலும் முப்பது இருந்தது. அம்மாக்கண்ணு கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சேர்மனுக்கு எவ்வளவுங்க?”

கனகலிங்கம் தேடினார். “இருநூற்றைம்பது.”

“ஆயிரத்து இருநூத்தி அம்பதா?”

“வெறும் இருநூற்றைம்பது. டைரக்டராய் இருக்கிறதுக்கு அவ்வளவு கட்டாயம் வைச்சிருக்க வேணும். அதுக்கு மேல ஒண்டும் இல்லை.”

“அப்ப பேங்கு அவரோடது இல்லையா?” என்று கேட்டது நான்தான்.

“நீங்கள் ஆர்?”

“கொட்டகலை சோமசுந்தரம்.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓ! அந்தச் சோமசுந்தரமோ! வருசாவருசம் முதல் வாற கடிதம் உங்கடதுதான். வடிவான கையெழுத்து, மேல கடைச் சீல் வேற.”

எனக்குப் பெருமையாக இருந்தது. லாபப் பணத்தோடு இங்கிலீஷில் ஒரு நீளக் காகிதம் வரும். முத்திரை ஒட்டும் இடமும் இருக்கும். முத்திரைமேல் கையெழுத்துப் போட்டால் அது பற்றுச்சீட்டு என்பதே எங்கள் கடைத்தெரு அறிந்த வழக்கம். பணம் வந்த அன்றே ஒட்டி, கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். மற்றவர்களையும் விரட்டி அனுப்ப வைப்பேன்.

“பணம் வாங்கினா ரசீது உடனே அனுப்புறதுதானே மரியாத?” என்றேன்.

“ரசீதோ?” கனகலிங்கம் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, அது பதிலாள் கடிதம். கூட்டத்தில எனக்குப் பதிலாய்ச் சேர்மனே வோட்டுப் போடட்டும் எண்டு நீங்கள் எழுதிக் குடுக்கிறது.”

அம்மாக்கண்ணு என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் உதட்டை மூடிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு, கைமாறிய பங்குகளின் பக்கங்களைக் கேட்டாள். இங்கிலீஷ் பெயர்களை அவளால் வாசிக்க முடியாது. ஆனால் இலக்கம் வாசிக்கத் தெரியும். விரலை வைத்துக் கீழே இறங்கினாள். கார்த்திகையில் ஒரு இடத்தில் நின்றாள், பிறகு இன்னொன்றில், பிறகு இன்னொன்றில்.

“இது ஆறு பேரு. பேரு வேற வேற. எல்லாருக்கும் வீட்டு நம்பர் பதினாலுதானுங்க. தெரு எழுத்தும் ஒண்ணாத்தான் இருக்கு.”

கனகலிங்கம் குனிந்து பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சேர்மன்ர மனுசி. மகன். மருமகன். மற்ற ரெண்டு பேர் மனுசியின்ர சகோதரங்கள். கடைசி ஆள் வீட்டுக் கணக்குப்பிள்ளை.”

மூன்று மாதத்தில் ஆறு பேரும் சேர்ந்து ஒன்பதாயிரத்து முந்நூறு பங்குகள் வாங்கியிருந்தார்கள். கடைசி வரியை அவர் வாசித்தபோது என் பெயர் வந்தது. நாற்பது பங்குகள், கொட்டகலை சோமசுந்தரத்திடமிருந்து சேர்மனின் மனைவிக்கு.

ரயிலில் திரும்பி வரும்போது கடுகண்ணாவையில் அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு, “அவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு அண்ணே. நமக்குத் தெரியாதது. அது என்னன்னு தெரியற வரைக்கும் நான் குடுக்க மாட்டேன்” என்றாள்.

பதினைந்தாம் நாள் பொன்னையா வந்தார். எட்டு ரூபாய் சொன்னார். எட்டரைக்கு ஏறினார். அவள், “பதினாலாம் நம்பர் வீட்டுல எல்லாரும் சொகமாண்ணே?” என்று கேட்டாள். அவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

பங்குனியில் நீளக் காகிதங்கள் வந்தன. இன்னும் பங்கு வைத்திருந்தவர்களிடம் கடை கடையாகப் போய், கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். மற்றவர்கள், சேர்மன் வருத்தப்படுவார் என்று போட்டு அனுப்பினார்கள்.

கூட்டத்துக்கு நானும் கொழும்புக்குப் போனேன். ஆனால் பங்குதாரர் அல்லாத என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பியூனுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தங்கை மட்டும் உள்ளே போனாள். நடந்ததைக் கனகலிங்கம் பிறகு சொன்னார்.

அங்கே இருந்த பெண் அவள் ஒருத்திதான். அறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்து நின்று தமிழில் கேட்டாளாம்: “பேங்கு ஏழு ரூபாய்க்கும் ஆகாதுன்னு எங்க ஊருக்கு ஆள் வருது. அப்புறம் பதினாலாம் நம்பர் வீட்டுல எதுக்கு ஒம்போதாயிரம் வாங்குறாங்க? காரணம் சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்.”

சேர்மன் மொழிபெயர்க்கச் சொன்னார். கனகலிங்கம் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகுதான் பம்பாய்ச் சங்கத்துக்காக வந்திருந்த பார்சிக்காரர் எழுந்திருக்கிறார். இன்னும் நிறையப் பங்குகளைப் பதின்மூன்று ரூபாய்க்கு வாங்க விரும்புவதாகத் தங்கள் சங்கம் ஐப்பசியிலேயே டைரக்டர்களுக்கு எழுதியது என்றும், அந்தக் கடிதத்தைப் பற்றி மற்றப் பங்குதாரர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டாராம். சேர்மன் தண்ணீர் கேட்டார்.

அடுத்த வாரம் சங்கம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது: யார் விற்றாலும் பதின்மூன்று ரூபாய். பதினான்காம் இலக்க வீட்டாரும் அதே விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

அம்மாக்கண்ணு முப்பதை விற்றாள். முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். சித்திரையில் ஸ்டேஷனுக்கு எதிரே மெஷின் ஓடத் தொடங்கியது. மீதி முப்பதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“சங்கத்துக்காரங்க பதிமூணு குடுக்குறாங்கன்னா, அவங்களுக்கும் என்னமோ தெரிஞ்சிருக்கு. அடுத்த வருஷம் ரெஜிஸ்தர் பாக்கணும்ல?”

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு நானும் உள்ளே போக வேண்டும் என்று ஆசை. அவளிடம் ஐந்து பங்குகள் விலைக்குக் கேட்டேன். பாவாடைத் துணியை மெஷினில் நகர்த்திக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“பொன்னையா அண்ணன்கிட்ட கேளுங்க. பங்குக்குப் பத்துச் சதம்தான்.”