அத்தா துடைத்த பலகை

எல்லோரையும் அனுப்பி வைப்பவனும் எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொள்பவனுமாகிய அல்லாஹ்வைப் போற்றித் தொடங்குகிறேன். எங்கள் அத்தா அவர்களின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் இந்த நினைவு மலரில் மூத்த மகள் எழுதுவது. தம்பிதான் எழுதுவதாக இருந்தான். "அக்கா, நீதான் கடைசி வரைக்கும் கூட இருந்த, நீயே எழுதிரு" என்று காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் தம்பியிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

அத்தா அவர்கள் பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரி ஊரில். அங்கே நம்மவர் வீடுகள் மூன்றோ நான்கோதான். பள்ளிவாசல் கிடையாது, குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆளும் கிடையாது. பதினாறு வயதில் பிழைப்புக்காகக் கோரிப்பாளையம் வந்து கைலிக் கடையில் வேலைக்கு நின்றபோதுதான் அலிஃப், பே என்று அரபு எழுத்துகளைத் தொடங்கினார்கள். மீசை முளைத்த ஆள், மூக்கு ஒழுகும் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகள் வாங்கும் அதே பிரம்படியை வாங்கியிருக்கிறார்கள். "சின்னப் பயலுக எல்லாம் சிரிப்பாய்ங்க தாயி. அடி கூட வலிக்கல, அந்தச் சிரிப்புதான் வலிச்சுச்சு" என்று என்னிடம் பல முறை சொன்னதுண்டு.

பிறகு சொந்தக் கடை வைத்தார்கள், அம்மாவை மணந்தார்கள், நாங்கள் பிறந்தோம். அந்தச் சமயத்தில் ஜமாஅத்தார் ஓதும் பள்ளியின் பொறுப்பை அத்தாவிடம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்ன, யாரும் எடுக்கவில்லை, தலையில் கட்டினார்கள். பள்ளி இருந்த நிலை பெரியவர்களுக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில், ஆளுக்கொரு பாடத்தைக் கத்துவார்கள். நடுவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத், கையில் பிரம்பு. விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்குப் பிறகு தொடங்கும் ஓதல் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே நேரமானால் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் அடி, அங்கே நேரத்துக்குப் போனால் மறுநாள் இங்கே அடி. பாதிப் பிள்ளைகள் இரண்டுக்கும் போகாமல் வைகை மணலில் விளையாடினார்கள்.

அத்தா அவர்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசி, ஓதல் முடியும் நேரத்தைக் கறாராக வைத்தார்கள். பிள்ளைகளைப் பாடத்துக்குத் தக்கபடி நான்கு பாயாகப் பிரித்தார்கள். ஹஜ்ரத்தின் பிரம்பை வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். ஹஜ்ரத் ஒரு மாதம் அத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இது போதாதென்று, வயதுக்கு வந்ததும் ஓதலை நிறுத்திவிடும் பெண்பிள்ளைகளுக்காக எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தனி வகுப்புத் தொடங்கினார்கள். ஓதத் தெரிந்த ஒரு விதவைப் பெண்மணியைச் சொல்லிக்கொடுக்க அமர்த்தினார்கள். நகராட்சிப் பள்ளியில் பார்த்ததைப் போலவே ஒரு கரும்பலகையும் சாக்கட்டியும் வந்து சேர்ந்தன. ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகள் குர்ஆனின் ஓர் ஆயத்தைப் பார்த்துப் படித்ததைக் கண்ட அத்தாவுக்கு அன்றைக்குப் பசிக்கவே இல்லை.

தவறு நடந்தது அங்கேதான். நம் பழைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். மரப்பலகையில் மசியால் ஆயத்தை எழுதி, மனப்பாடம் ஆனதும் கழுவி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில் செடியின் வேரில் ஊற்றுவோம். கரும்பலகை வந்த சந்தோஷத்தில் அத்தா உட்பட ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை. காய்ந்த துணியால் தட்டித் தட்டித் துடைத்தோம். நானும்தான் துடைத்தேன்.

ஒரு நாள் ஹஜ்ரத் பிள்ளைகளின் ஓதலைச் சோதிக்க வந்தார்கள். ஓதலைக் கேட்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். பலகைக்குக் கீழே வெள்ளைப் பொடி. அங்கிருந்து சின்னச் சின்ன வெள்ளைக் காலடிகள் கூடத்தைத் தாண்டிக் கொல்லை வரைக்கும் போயிருந்தன.

"இது எதோட பொடின்னு தெரியுதா தம்பி?" என்று கேட்டார்கள்.

அத்தா அப்படியே தரையில் மண்டியிட்டுத் தோளில் கிடந்த துண்டை நனைத்து, கூடத்திலிருந்து கொல்லை வரை ஒவ்வொரு காலடியாக ஒற்றி எடுத்தார்கள். யாரையும் தொடவிடவில்லை.

ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தார் கூட்டம் போட்டார்கள். பெண்பிள்ளைகளின் வகுப்பை மூடுவது, பலகையை அப்புறப்படுத்துவது என்று பேச்சு ஓடியதாம். இன்றைக்கு அத்தாவைக் கல்விக்காவலர் என்று சொல்லி அழுபவர்களில் சிலர் அன்றைக்கு எம்புட்டுக் கத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன், அத்தா விரும்ப மாட்டார்கள்.

அத்தா எதிர்வாதம் செய்யவில்லை. "தப்பு பலகை மேலயும் இல்ல, பிள்ளைக மேலயும் இல்ல. கவனிக்காம விட்டது நானு. ஒரு வாரம் குடுங்க. இனி என் கையாலதான் துடைப்பேன். அப்பவும் ஒரு பொட்டுப் பொடி கீழ விழுந்தா நானே வகுப்ப மூடிர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்க ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தா ஈரத்துணியால் மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்து, துணியைத் தாம்பாளத்தில் அலசி, அந்தத் தண்ணீரை மாதுளஞ்செடியின் வேரில் ஊற்றுவார்கள். ஏழாம் நாள் ஹஜ்ரத் எழுந்து, "கொண்டாங்க தம்பி" என்று தாம்பாளத்தைத் தாமே வாங்கிக்கொண்டு போய் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓதிக்கொடுக்க வந்தவர்கள் மில் வேலைக்குப் போனார்கள், கொழும்புக்குப் போனார்கள். உலகச் சண்டைக் காலத்தில் சாக்கட்டி கிடைக்கவில்லை. கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது அத்தா தாம் குளிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு செம்பை எடுத்துப் பலகைக்கு வைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் என்றாலும், கடையில் கூட்டம் என்றாலும், வகுப்பு முடியும் நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

"ஒரு நாளைக்காச்சும் வேற யாரையாவது துடைக்கச் சொல்லுங்களேன். மனுசன் தேஞ்சே போயிருவீக" என்பார்கள் அம்மா.

"வாக்குக் குடுத்தது நான்தானே" என்பதோடு பேச்சு முடியும்.

கடைசி நாட்களில் நெஞ்சுச்சளி கட்டி, கை நடுங்கியது. ஒரு நாள் தாம்பாளம் சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது. அத்தா உட்கார்ந்து துண்டால் ஒற்றினார்கள், அழுதார்கள். அத்தா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நீ செய்றியா தாயி?" என்று கேட்டார்கள்.

இதை எழுதாமல் விடலாம். ஆனால் பொய்யாக ஒரு மலர் எனக்கு வேண்டாம். "என்னால முடியாது அத்தா. எனக்கும் வீடு வாசல் இருக்கு, பிள்ளைக இருக்கு. எனக்கு அலுத்துப் போச்சு" என்று சொன்னேன். அத்தா கோபிக்கவில்லை. "ஆமா தாயி, அலுக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் மவுத்தானார்கள்.

அத்தாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்த ஹஜ்ரத் அவர்களுக்கும், சந்தூக்கைத் தோள் மாற்றிச் சுமந்த ஜமாஅத்தாருக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், உசிலம்பட்டியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த பெரியத்தாவுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தாவின் பிழைகள் பொறுக்கப்பட துஆ செய்யுங்கள். எனக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனபிறகு கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தா படுத்த மறுநாள் பலகையில் எழுதிய கடைசிப் பாடம் அப்படியே இருந்தது. மூன்று நாளாக யாரும் துடைக்கவில்லை. கீழே அத்தனை கால்கள். பெண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, துணியை நனைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்தேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மாதுளைக்குப் போனேன்.

பாத்திஹாவுக்கு மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போல ஓதல் உண்டு. பெண்பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். நேரத்துக்கு அனுப்புங்கள், பலகையைத் துடைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும்.