தண்ணீர் இல்லாத ஊருக்கு ஒரு டூலாங்

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பாலைவனத்தைப் பற்றிப் பேசுகிற இரண்டு ஆண்களுக்கு நான் மாதக்கணக்கில் கோப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் சிலோன்காரக் கிராணியார், ஆபீஸ் குமாஸ்தா. சிலாங்கூரில், பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்தது எங்கள் ஒற்றை அறை. அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகும். ஒழுகுகிற இடமாகப் பார்த்துச் சட்டி வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற தரையில் அவர்கள் பாலைவனத்தை விரித்துவைத்துப் பேசுவார்கள்.

அது வேலை போன காலம். ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, பிறகு வரிசையாக மனிதர்கள் விழுந்தார்கள். என் வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் பிட்டர். ஆள்குறைப்பில் வேலை போனதும் கோட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பெண்பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தோம். நான் துரைமார் வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்துக் கொடுத்து உலை வைத்தேன். வெளுப்பது பெரிய காரியமில்லை. இந்த ஊர் மழையில் காயவைப்பதுதான் பெரும்பாடு. ஈரத் துணியும் ஈர விறகுமாக என் இடுப்பு அப்போதே போய்விட்டது.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் பெயர் கொடுத்தால், காசு வாங்காமல் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவதாகச் சர்க்கார் சொன்னது. எங்கள் அடுத்த அறைக்காரர் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தவர். அவருக்கும் வேலை போய்விட்டது. அவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய ஊரும் என் வீட்டுக்காரருடைய ஊரும் ஒரே வாய்க்காலின் அக்கரையும் இக்கரையும்.

"வாய்யா, ஒரே கப்பல்ல போயிருவோம். இங்க என்ன கெடக்கு?" என்று தினமும் வந்து கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரரால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. சொந்த அண்ணனோடு நிலத் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்தவர் அவர். "இந்த நெலத்த நானே வெல கொடுத்து வாங்குறப்பதான் திரும்பி வருவேன்" என்று ஊர் கூடி நிற்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு வெறுங்கையை வீசிக்கொண்டு அதே அண்ணன் வாசலில் போய் நிற்க வேண்டும். எனக்கோ அந்த ஊர் அவர் வாயால் கேட்ட ஊர், அவ்வளவுதான். நான் பிறந்தது கிள்ளானில், மேரு பக்கத்துத் தோட்டத்தில். தெரியாத ஊரில், வேண்டாதவர்கள் வீட்டில், என் இரண்டு பெண்களும் அண்டிப் பிழைக்கிற பிள்ளைகளாக வளர வேண்டும்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். எனக்குத் திட்ட வரும், அதில் குறையே கிடையாது. ஆனால் பதில் சொல்லாத மனிதனை எத்தனை நாள்தான் திட்டுவது?

அப்போதுதான் ஒரு மாலையில் கிராணியார் நனைந்த பத்திரிகையோடு வந்தார். நில அளவை ஆபீஸில் படம் வரைந்துகொண்டிருந்தவர். அவர் வேலையும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் மூன்று தங்கைகளுக்கு அவர் ஒருவர்தான் அண்ணன். கல்யாணமாகாத மனிதர், சாப்பாட்டு நேரம் பார்த்து வருவார், ஆனால் சாப்பிடச் சொன்னால் இரண்டு தரம் மறுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"தங்கச்சி, நீங்களும் கேளுங்கோ. உலகத்தில எல்லாம் விலை விழுந்து போச்சு. பவுண் மட்டும் ஏறுது. ஆஸ்திரேலியாவில வேலையில்லாத சனமெல்லாம் லோரி எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்க போகுதாம், தங்கம் தேட."

என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டார். இந்தப் பைத்தியக்காரத்தனம் நீடித்து இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தப் பயண ஏற்பாடு தொடங்கியது. காய்கறி வியாபாரம் செய்த சீன முதலாளி ஒருவரின் லோரி ஓடாமல் கொட்டகையில் கிடந்தது. அதைப் பழுதுபார்த்துத் தருகிறேன், தங்கம் கிடைத்தால் உனக்கும் பங்கு என்று என் வீட்டுக்காரர் பேசி வைத்தார். தவுக்கே என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். அவர் தங்கத்தை நம்பவில்லை, லோரி ஓடும் என்பதை மட்டும் நம்பினார். கிராணியார் ஆபீஸில் மிஞ்சிய துணித்தாளில் பாலைவனத்தை வரைந்தார். கோடு கோடாகப் பாதை, புள்ளி புள்ளியாக மணல். அத்தனை அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. ஒருநாள் கூரை ஒழுகி, பாலைவனத்தின் நட்டநடுவில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பதறிப்போய்த் தன் வேட்டித் தலைப்பால் ஒற்றி எடுத்தார்.

நம் ஆட்களை அங்கே கரையிறங்கவே விடமாட்டார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். கிராணியாரைக் கேட்டிருந்தால், நாங்கள் ராசாவின் பிரஜைகள், யார் தடுப்பது என்றிருப்பார். அந்த அவமானத்தைப் பார்க்கிற தூரம்கூட நாங்கள் போகவில்லை.

சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புளிச்சோறு கெடாமல் எத்தனை நாள் இருக்கும், கருவாடு வெயிலில் என்ன ஆகும், அரிசியா கோதுமை மாவா என்று கேட்டுக் கேட்டுத் துளைத்தார்கள். இருக்கிற அரிசிக்குக் கஞ்சி வைக்கவே நான் தண்ணீரைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இதில் பாலைவனத்துக்குப் புளிச்சோறு! கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று முணுமுணுத்தாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அங்கே துணி சட்டென்று காயுமே என்று ஒரு நப்பாசைகூட எனக்கு வந்தது.

குடிதண்ணீர்தான் பெரிய பேச்சாக இருந்தது. "அங்க நெடுந்தூரத்துக்கு ஒருக்காத்தான் கிணறு. லோரி நிறைய மண்ணெண்ணெய் டின்னில தண்ணி கொண்டு போகவேணும். குடிக்க மட்டுந்தான், முகம் கழுவவும் ஏலாது, விளங்குதே?" என்றார் கிராணியார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அதே மூச்சில் அவர்கள் டூலாங் வாங்குவதைப் பற்றிப் பேசினார்கள். டூலாங் என்றால் பெரிய மரத்தட்டு, நடுவில் குழிந்திருக்கும். இங்கே ஈயம் தோண்டுகிற லம்பத்து ஓடைகளில் சீனப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, அதில் மண்ணை அள்ளிச் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். மண் கரைந்து ஓடும், ஈயம் அடியில் தங்கும். தங்கமும் கனமான சாமான்தானே, அப்படியே கழுவி எடுத்துவிடலாம் என்று கணக்கு. நம் சிலாங்கூரில் பூமிக்குள் இருக்கிற எதையும் தண்ணீர் விட்டுத்தான் எடுப்பார்கள். வேறு வழி உலகத்தில் உண்டென்று யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியது. முகம் கழுவவே தண்ணீர் இல்லாத ஊரில் மண்ணை எதை விட்டுக் கழுவுவீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கோப்பிக் குவளையை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டேன். கேட்டால் பாலைவனம் அந்த நிமிடமே சுருண்டுவிடும். சுருண்டால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பார், அடுத்த அறைக்காரர் வந்து கூப்பிடுவார், ஒருநாள் எழுந்துபோய்ப் பெயர் கொடுத்துவிடுவார். வாயாடி என்று பெயரெடுத்த நான், அந்த ஒரு கேள்வியை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

டூலாங்கும் வந்தது. சுங்கை பீசி பக்கத்து ஓடையில் ஒரு சீன அக்காவிடம் அவர் கழுவப் பழகினார். நான் சோறு கொண்டுபோகிற சாக்கில் கரையில் நிற்பேன். அவர் பட்டறைக் கை, இரும்பைத் திருகிய கை. தட்டை வேகமாகச் சுழற்றி மண்ணோடு ஈயத்தையும் வெளியே கொட்டிவிடுவார். "பெலான்-பெலான்லா!" என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். மெதுவாக என்றால் அவருக்கு வராது. ஒருநாள் நான் இறங்கித் தட்டை வாங்கிச் சுழற்றிப் பார்த்தேன். எனக்கு வந்தது. துணி அலசிய கைக்கு அது ஒன்றும் புதிதில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்து, ஈயம் கழுவ லைசென்ஸ் இங்கே பெரும்பாலும் பொம்பளைகளுக்குத்தான் கொடுப்பார்கள், நீ ஏன் வாங்கக்கூடாது என்று மலாயில் கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். பாலைவனத்துக்குப் போகிறவனின் பெண்டாட்டி அல்லவா.

லோரி ஓடத் தொடங்கியதும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார் கிராணியார். மணலில் ஓட்டிப் பழக மணலுக்கு எங்கே போவது? அதற்கும் ஈய லம்பம்தான். ஈயத்தைக் கழுவி எடுத்தபின் கொட்டிய வெள்ளை மணல், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்கூட இல்லாமல் கிடக்கும். பிள்ளைகளை அடுத்த அறைக்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு நானும் புளிச்சோற்று மூட்டையோடு ஏறினேன். கிராணியார் தொப்பி போட்டுக்கொண்டு, படத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். வெயிலில் கண் கூசியது. ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, அவ்வளவு வெள்ளையாக இருந்தது.

மணலில் கொஞ்சதூரம் போனதும் பின்சக்கரம் புதைந்தது. முடுக்க முடுக்க இன்னும் உள்ளே போனது. பலகை கேட்டு வாங்கி வருகிறேன் என்று கிராணியார் லம்பத்துக் கொட்டகைப் பக்கம் நடந்தார். அவர் தலை மறைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாலைவன ஒத்திகைக்கு வந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, லோரியின் கால்படியில் உட்கார்ந்திருந்தோம். சக்கரம் தோண்டிய குழியில் தண்ணீர் நிறைந்துகொண்டே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கழுவத் தண்ணி இருக்காதுல்ல, புள்ள?"

"இருக்காதுங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மண்ணெண்ணெய் டின்னு பேசுன அன்னைக்கே."

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. "எனக்கும் அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா லோரிக்குக் கீழயே படுத்துக் கெடந்தீங்க? டூலாங் வேற வாங்கிட்டு வந்தீங்க?"

"இத விட்டா கப்பல்தான. நீயா வாயத் தொறந்து ஊருக்குப் போவோம்னு சொல்லிருவியோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதேன். நான் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதற்காகத்தான் அந்த மனிதரும் வாயைத் திறந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். மாதக்கணக்கான அலுப்பு மொத்தமும் அந்த மழையில்தான் என் உடம்பில் இறங்கியது. அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

கிராணியார் இரண்டு பலகைகளோடு உற்சாகமாக வந்தார். "பாத்தீங்களே, இப்பிடிப் பழகினாத்தான் அங்க சமாளிக்கலாம்" என்றார். அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்குக் கிராணி வேலை கிடைத்தது. போகும்போது படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "லோரியைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் ஆறு மாசத்தில வாறன்" என்றார். நல்ல மனிதர்.

தவுக்கேயின் லோரி நன்றாக ஓடியது. அதை ஓட்டும் வேலையை அவரே என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். வயிற்றுக்கும் வாய்க்கும் அது மட்டும் போதவில்லை. நான் டூலாங் லைசென்ஸ் எடுத்தேன். பாலைவனத்துக்கென்று வாங்கிய அதே தட்டு.

கப்பலுக்குப் போகிற அன்று, அடுத்த அறைக்காரர் ரயிலேறுவதற்கு முன் ஓடைக்கே தேடி வந்தார். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லோரியை நிறுத்திவிட்டு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தார்.

"நான் எறங்குனதும் உங்க அண்ணன் வந்து கேப்பாருய்யா. என்ன சொல்றது?" என்றார் அடுத்த அறைக்காரர். அவருக்கே கண் கலங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஓடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாலைவனத்துக்குத் தங்கம் தேடப் போயிட்டான்னு சொல்லுங்க. குடும்பத்தோட."

அவர் போனபிறகு, "ஏங்க இப்படி ஒரு பொய்?" என்று கேட்டேன்.

"தங்கம் தேடிப் போனவன் திரும்பி வரலன்னா அது அவமானமில்ல, புள்ள" என்றார்.

அந்த ஊரிலிருந்து இதுவரை எங்களை யாரும் தேடவில்லை. மணலுக்குள் போனவர்களை எங்கே என்று தேடுவார்கள்? அன்று அவர் சோற்றுத் தூக்கைக் கரையில் வைத்துவிட்டு லோரிக்குத் திரும்பினார். எனக்குக் கால் விறைத்திருந்தது. இன்னொரு தட்டு மண் அள்ளி, குனிந்து, மெதுவாகச் சுழற்றினேன்.