பெயரை நம்பித் தின்ற கிழங்கு

சில வருடங்களுக்கு முன், முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க மெட்ராஸ் ஐ. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று மில்லில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில், வேலியோரம் கண்வலிக் கிழங்கைத் தோண்டி எடுத்து வந்தார்.

"பேருலயே கண்வலின்னு இருக்குது, இதுக்குத்தான மருந்து?" என்று ஒரு துண்டை அவித்துத் தின்றார். எனக்கும் ஒன்றை நீட்டினார். அன்று எனக்குக் கிருத்திகை விரதம். "ராத்திரிக்குத் தின்னுக்கறேன்" என்று எடுத்து வைத்தேன்.

சாயங்காலமே அவருக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. கைகால் சில்லிட்டுவிட்டது. என் பங்குத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலராவோ என்று சந்தேகப்பட்ட டாக்டரம்மா, கிழங்கைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"அந்தக் கொடியில பூக்கற பூவ உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு வச்ச பேரும்மா அது. கிழங்கு வெஷம்!"

பல நாள் போராடி அவரைப் பிழைக்க வைத்தார்கள். அதற்குள் என் கண்வலி தானாகவே போய்விட்டிருந்தது!

இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எந்த வேரையும் கிழங்கையும் நாங்கள் வாயில் வைப்பதில்லை. வேலியில் அந்தப் பூவைக் கண்டால் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். கேட்டால், "பாத்தா கண்ணு வலிக்குமாமே!" என்கிறார்.