நஞ்சு விழும்வரை

பெரியப்பாவின் பேச்சை மீறிச் சீம்பால் கறந்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா பட்டாளத்தில் இருந்தார். மகாராஜபுரத்து வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அம்மா அவர் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் எங்கள் செவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றது. ஈன்ற கையோடு பெரியப்பா கன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழுவத்தின் மறுகோடியில் சாக்கு விரித்துப் போட்டார். பசுவின் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் என்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்திக் குடித்தால் கன்றுக்குக் கழிச்சல் காணுமாம், நஞ்சும் உள்ளேயே தங்கிவிடுமாம். விழுந்த நஞ்சைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். பெரியப்பா விடியற்காலையிலேயே கயிறெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். நஞ்சுக்குத்தான் அந்த அவசரம் இல்லை.

போன ஈற்றிலும் இதே கதைதான். நஞ்சு விழப் பொழுது சாய்ந்தது. அதன் பிறகு பால் குடித்த கன்று, மூன்றாம் நாள் கழிச்சல் கண்டு செத்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். நல்ல தீர்ப்பு! பட்டினி போட்டவர் வீட்டுக்குள் இருக்க, கண் வைத்தவரைத் தெருத்தெருவாகத் தேடினோம்.

மதியம் அவர் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும் கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் போட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பசுவுக்குப் பக்கத்தில் குத்தவைத்தேன். பால் மஞ்சளாக, கொழகொழவென்று இறங்கியது. விரலை அதில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தேன். முதலில் சும்மா கிடந்தது. பிறகு விரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது.

மண்வெட்டியை மறந்து போயிருந்த பெரியப்பா அந்த நேரம் பார்த்தா திரும்பி வர வேண்டும்?

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத?"

நான் எழுந்து நின்றேன். கறந்தேன், இன்னும் கறப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்து சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் கை நடுங்கியது.

"நான்தான் கறக்கச் சொன்னேன்."

நஞ்சு இன்னும் விழவில்லையே என்றார் பெரியப்பா.

"விழும்போது விழட்டும். பச்சப்பிள்ளை, அம்புட்டு நேரம் தாங்காது."

சட்டியிலிருந்ததைப் புகட்டிவிட்டு, கன்றை அணைத்துத் தூக்கிப் பசுவின் மடியில் விட்டாள். அது தள்ளாடித் தள்ளாடி முட்டிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் நஞ்சும் விழுந்தது. அதைக் கட்டி எடுத்துப்போன பெரியப்பா, தான் பொறுமையாகக் காத்திருந்ததால்தான் விழுந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் கன்று வளர்ந்து ஏழு ஈற்று கண்டது.

கால்நடை மருத்துவம் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்தான் நஞ்சு விழவும் துணைசெய்கிறது. சீம்பாலும் வெறும் தீனி இல்லை. நோயை எதிர்க்கும் சத்தோடு, இன்சுலின் போன்ற ஹார்மோன்களும் அதில் இருக்கின்றன. அவை கன்றின் குடலை வளர்க்கின்றன. அந்தக் குடல் பாலிலுள்ள சர்க்கரையை ரத்தத்தில் ஏற்ற, உடம்புக்குச் சூடு கிடைக்கிறது. நேரம் போகப்போகக் குடல் அந்த நோயெதிர்ப்புச் சத்தை உள்ளே வாங்காது. ஆக, நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். முதல் பாலைப் பீச்சி ஊற்றிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பெரியம்மா தம்ளரோடு வந்தாள். அம்மா வாசலை மறித்து நின்று, அப்படியே திருப்பி அனுப்பினாள். பெரியம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு முன்ன ஒரு அண்ணன் இருந்தான்ட்டி. சீம்பாலப் பீச்சி ஊத்தச் சொன்னாக. மூணு நாளும் ஊத்துனேன்."

எத்தனை நாள் இருந்தான் என்று கேட்டேன். நாலு நாள் என்றாள்.

தொழுவத்தில் அவள் கை நடுங்கியது பெரியப்பாவுக்குப் பயந்துதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.