வெற்றிலைச் சுண்ணாம்பால் போட்ட கோடு

ஒரு கால்பந்து அணியை ஊரைவிட்டுக் கொண்டுபோக ஒரு கையெழுத்து போதும். பர்மாவில், தாகேதாவின் ஓடை அணி அப்படித்தான் போனது. தண்ணீர்த் திருவிழா முடிந்து சட்டைகூடக் காயவில்லை, அணியின் முதலாளி வடக்கே ஒரு நகரத்துப் பணக்காரருக்கு அதை விற்றுவிட்டார். பச்சைச் சட்டை, கொக்குப் படம் போட்ட முத்திரை, பதினெட்டு ஆட்டக்காரர்கள், பெயர் எல்லாம் சேர்த்துத்தான். பஸூண்டாங் ஓடையின் பெயரை, ஓடையே இல்லாத ஊரில் உட்கார்ந்து இப்போது எவனோ கத்துகிறான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வார்டு முழுக்க வாயில் அடித்துக்கொண்டது. டீக்கடையில் முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்கள். வாயே திறக்காதவள் புஷ்பலதா ஒருத்திதான். ஓடை அணி ஆடிய மைதானத்துக் கேட்டை ஒட்டி, பத்தொன்பது வருடமாகக் கூன்யா மடித்து விற்பவள் அவள். கூன்யா என்றால் வேறொன்றும் இல்லை, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த வெற்றிலைதான். பர்மாக்காரர்களுக்கு அவள் டோ லதா, நம்மவர்களுக்கு லதாக்கா. எவனுக்கு எத்தனை சுண்ணாம்பு, எவனுக்குப் புகையிலை ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஆட்டத்தைப் பார்க்காமலே நிலவரம் சொல்வாள். இடைவேளையில் எல்லோரும் புகையிலையைக் கூட்டிப் போடச் சொன்னால் ஓடை தோற்கிறது என்று கணக்கு.

அவள் பிறந்தது மிங்கலா தாங்ஞுன்டில், ரயில்வே வரிசை வீட்டில். ஒருநாள் அந்த வரிசையை இடித்தார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடந்த கொட்டகையும் பிறகு இல்லாமல் போனது. ஒவ்வொன்றும் போனபோது அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தவள்தான், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாரிச்சாமியைக் கட்டிக்கொண்டு தாகேதாவுக்கு வந்தபோது இந்த வார்டில் அவளுக்கு நாய்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவளை ஊரோடு சேர்த்தன. பர்மாக்காரன், தமிழன், துலுக்கன், சீனன் என்று நானூறு பேர் அந்தக் கேட்டில் வரிசையில் நிற்பார்கள், அத்தனை பேரும் அவளிடம் பேசியாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேண்டியிருந்தது. அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

அவள் புருஷன் மாரிச்சாமி வேறு ரகம். துறைமுகத்தில் கிரேனுக்கு எண்ணெய் போடுகிறவர். ரசிகர் கூட்டத்தில் முதல் தொண்டை அவருடையது. அணி போன அன்று பச்சைச் சட்டையை மடித்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்துவிட்டு, இனி அந்தக் கேட்டை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். டிவியில் அந்த வடக்கத்தி ஊரில் ஓடை அணி ஆடுவதைக் காட்டினால் எழுந்துபோய் அணைத்துவிடுவார். சோறு மட்டும் குறையாமல் சாப்பிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் மாதம் மைதானத்தின் சொந்தக்காரர் ஊ பா ஞுன் வந்து, ஆட்களை விட்டு அளந்தார். மூடிப்போன கயிற்று ஆலைக்கு வாரிசு அவர், எழுபதை நெருங்கியவர். லாரி நிறுத்த யாரோ நிலத்தைக் கேட்கிறார்களாம், தகரக் கூரை போட்ட பார்வையாளர் மேடையையும் இடித்துவிடுவார்களாம். புஷ்பலதா கடையைப் போட்டபடியே விட்டுவிட்டு நேரே போய் அவர் முன்னால் நின்றாள். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும், கொடுக்காதீர்கள் என்றாள். யார் ஆடப்போகிறார்கள் என்று அவர் கேட்டார். நாங்கள் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் மரியாதைக்காரர், அடக்கிக்கொண்டார். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு பேர், முழு மைதானத்துக்கும் கோடு, ஆகஸ்டில் நான்கு ஞாயிறு விடாமல் ஆட்டம். அப்படி நடந்தால் கொடுக்க மாட்டேன், ஒரு ஞாயிறு தவறினாலும் லாரிதான் என்றார். அவளை நாசூக்காக வீட்டுக்கு அனுப்பத்தான் சொன்னார். பாவம், ஆள் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார்.

இருபத்திரண்டு பேருக்கு இந்த ஊரில் எங்கே போவது? ஓடக்கூடிய வயதில் உள்ள பையன்களில் பாதி பாங்காக்கில், மீதி மலேசியாவில். மிஞ்சியவன், பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்று தலையை வெளியே காட்ட யோசிக்கிறான். புஷ்பலதா கூன்யா தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா மிதிப்பவர்களில் ஐந்து பேரைப் பிடித்தாள், மர ஆலையிலிருந்து பத்துப் பேர், கோயிலில் காவடி எடுப்பவர்களில் நால்வர், மடத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய மீன் கடைக்காரர் ஜமால், மூட்டு வலிக்கிறது என்று மழுப்பினார். நீ ஓட வேண்டாம், நின்றுகொள், பந்து உன் மேல் பட்டால் போதும் என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். இருபத்திரண்டாவது ஆள் அஷ்ஃபாக், ஒரு பக்கத்துக் கோல்கீப்பர். நல்ல சைக்காக்காரன், ஓடை ரசிகர் கூட்டத்தில் மேளம் அடித்தவன், அவளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன்.

கோட்டுக்குத்தான் வழியில்லை. கோடு போடும் வண்டியையும் வெள்ளைப் பொடியையும் அணியோடேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புஷ்பலதா யோசித்தது ஒரு நிமிடம். வெள்ளையாக இருப்பது வேண்டும், அவ்வளவுதானே! தாகேதாவில் முக்குக்கு ஒரு கூன்யாக் கடை. ஒவ்வொரு கடையிலும் போய், ஆளுக்கு ஒரு டப்பா சுண்ணாம்பு கொடு என்று கேட்டாள். நாற்பத்தொரு கடை, நாற்பத்தொரு டப்பா. அதைத் தண்ணீரில் கரைத்து டீக் கெட்டிலில் ஊற்றி, கயிறு பிடித்து, மூக்கு வழியாக மெல்ல ஊற்றிக்கொண்டே போனாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மைதானம் பளிச்சென்று ஆகிவிட்டது. நாற்பத்தொரு கடைக்காரர்களும் வந்து, இது என் கடைச் சுண்ணாம்பு, அது உன் கடைச் சுண்ணாம்பு என்று காட்டிக்காட்டிப் பெருமையடித்தார்கள்.

முதல் ஞாயிறு ஆட்டம் நடந்தது. இரண்டாம் ஞாயிறும் நடந்தது. ஊ பா ஞுன் குடையும் மடக்கு நாற்காலியுமாக வந்து தலைகளை எண்ணினார், எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் புஷ்பலதாவுக்கு மனம் நிறையவில்லை. கூட்டம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாராவது விழுந்து எழுந்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தட்டுவதுபோல மெல்லத் தட்டினார்கள். ஓடை ஆடும்போது இதே ஆட்கள் எப்படித் திட்டுவார்கள்! நடுவரின் அம்மாவையும் விட்டுவைக்க மாட்டார்கள். சொந்தப் பிள்ளையைத்தான் திட்டுவோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய்தான் கொடுப்போம். அந்த மிட்டாய்க் கைதட்டல் கேட்டதும் அவள் குனிந்து வெற்றிலையை மடிக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் ஞாயிறு நல்ல மழை. அஷ்ஃபாக் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, நனைந்த கோட்டின் மேலேயே தொடை தேயச் சறுக்கினான். தோல் உரிந்தது, சேறு என்று நினைத்து அப்படியே ஆடி முடித்தான். சாயங்காலத்துக்குள் தொடை முழுக்கக் கொப்புளம். கிளினிக்கில் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு பொசுக்கிவிட்டது, உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும் என்றார்கள். இன்னும் இரண்டு பேருக்கு முழங்காலில் எரிச்சல். நாளெல்லாம் வாயில் போட்டு மெல்லுகிற பொருள், தொடையில் பட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள் புஷ்பலதா. வெற்றிலைக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்? விரல் நுனி வெந்து வெந்து மரத்துப்போனது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அஷ்ஃபாக் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி நாஜியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரம் சைக்கா மிதிக்க முடியாதே, யார் வந்து மிதிப்பது, ஊரைக் காப்பாற்ற என் புருஷனின் தொடைதானா கிடைத்தது என்று கேட்டாள். கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. புஷ்பலதா நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான் நாஜியா. நாளையிலிருந்து சைக்காவை எங்க வீட்டுக்காரர் மிதிப்பாரு. வர்றது உன் கைக்கு வந்துடும்" என்றாள்.

இதைக் கேட்டபோது மாரிச்சாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் சைக்காவா என்று குதித்தார். குதித்தவர், மறுநாள் துறைமுக வேலை முடிந்ததும் போய் மிதித்தார். அஷ்ஃபாக் பத்து வருடம் அவர் பக்கத்தில் நின்று மேளம் அடித்தவன் அல்லவா?

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சுண்ணாம்பு இருக்கும் மண்ணில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். லாரிக்காரன் சும்மா இருந்தாலும் நீயே மைதானத்தைக் கெடுத்துவிட்டாய் என்று டீக்கடையில் ஒருவர் நக்கலடித்தார். புஷ்பலதாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மண்வெட்டியை எடுத்தாள். ஐந்து நாள், கோடு கோடாக வெளுத்த மண்ணை வெட்டி அள்ளி, குழியில் போட்டு மூடி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வெள்ளிக்கிழமை அந்த ஈர மண்ணில் தானே வெறுங்காலோடு உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக் காட்டினாள். மர ஆலைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு போய், ஒன்பது மூட்டை மரத்தூள் கொண்டுவந்து இறக்கினார்கள். சனிக்கிழமை அந்தத் தூளால் கோடு போட்டார்கள். பழுப்புக் கோடுதான், ஆனால் கோடு. கழன்றவர்கள் அதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள்.

நான்காம் ஞாயிறு எட்டு மணிக்கு ஊ பா ஞுன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்று. அஷ்ஃபாக்குக்குப் பதிலாக வரவேண்டிய ஆலைக்காரனின் மனைவிக்கு விடியற்காலையில் பிரசவ வலி, அவன் ஆஸ்பத்திரியில். அஷ்ஃபாக் கட்டுப் போட்ட காலை நீட்டி மேடையில் உட்கார்ந்திருந்தான், எழுந்து நின்றாலே முகம் சுளிக்கிறான். மேடையில் இருந்தவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊ பா ஞுன்னின் கைபேசி அடித்தது. லாரிக்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது. அவர் வருத்தத்தோடுதான் தலையை ஆட்டினார்.

புஷ்பலதா கூன்யா தட்டைக் கழற்றி அஷ்ஃபாக் மடியில் வைத்தாள். இடுப்பில் கட்டிய தமேன் துணியை முழங்காலுக்கு மேலே தூக்கி இறுக்கிச் செருகிக்கொண்டு, நடந்துபோய்க் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றாள். ஊ பா ஞுன் குடையோடு ஓடிவந்தார். இதென்ன டோ லதா, விளையாட்டா என்றார்.

"ஊ லேய், நீங்க இருபத்திரண்டு பேருன்னுதான் சொன்னீங்க. ஆம்பளைன்னு சொல்லல" என்றாள். ஊ லேய் என்றால் மாமா.

அவர் குடையை மடக்கினார். திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது.

முதல் கோல் அவள் கால்களுக்கு நடுவே போனது. கூட்டம் பரிதாபமாகக் கை தட்டியது. இரண்டாவது தோளுக்கு மேலே போனது, அதற்கும் கை தட்டினார்கள். மூன்றாவது பந்து நேராக அவளைப் பார்த்து வந்தது, மெதுவான பந்து, கைக்குழந்தைகூடப் பிடித்திருக்கும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பந்து முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. யாரும் கை தட்டுவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. சைக்காவின் மேல் ஏறி நின்று, கம்பிக்கு மேலாகத் தலையை நீட்டியிருந்தார் மாரிச்சாமி.

"அடியே! கண்ணைத் தொறந்து நில்லுடி! பந்து என்ன கடிக்குமா? இதுக்கா அஞ்சு நாள் மண்ணை வெட்டின?"

மேடையில் தலைகள் திரும்பின. பிறகு மீன் கடைக்காரர் ஜமாலின் தம்பி எழுந்து, இடது பக்கம் திறந்து கிடக்கிறது, தூங்குகிறாயா என்று பர்மியத்தில் கத்தினான். அவனுக்குப் பின்னால் நானூறு பேர். தமிழில், பர்மியத்தில், சீனத்தில், அவள் கையை, காலை, கண்ணை, அவளைப் பெற்றவர்களை, அவளைக் கோலில் நிற்கவிட்ட ஆட்டக்காரர்களை, பந்து போகும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஜமாலின் மூட்டுகளைத் திட்டித் தீர்த்தார்கள். அஷ்ஃபாக் மேடைத் தகரத்தை மேளமாகத் தட்டினான். புஷ்பலதா அந்தச் சத்தத்தில் உடம்பு சிலிர்த்து நின்றாள். நாலு மாதமாக இந்த ஊர் யாரையும் இப்படித் திட்டவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, நாலாவது கோல் அந்தத் தண்ணீரில்தான் போனது. அதற்கும் திட்டு வாங்கினாள்.

ஊ பா ஞுன் பக்கத்திலிருந்த ஒருவரிடம், அந்த அம்மாள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், ஏன் இப்படித் திட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க கோல்கீப்பரை நாங்க திட்டாம வேற யாரு திட்டுவாங்க?" என்றார் அந்த ஆள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கைபேசி மறுபடியும் அடித்தது. ஊ பா ஞுன் அதைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஐந்தாவது பந்து வந்தது. புஷ்பலதா தப்பான பக்கம் சாய்ந்தாள். எழுபதை நெருங்கிய மனிதர் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வலது பக்கம், டோ லதா! வலது பக்கம்! ஐயோ, கண்ணு தெரியலையா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அவள் வலது பக்கம் விழுந்தாள். பந்து விரலில் பட்டு வெளியே போனது. அவர் கையிலிருந்து நழுவிய கைபேசி சேற்றில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது, அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.